இரண்டு சிலிண்டரும் சேர்ந்து ஏற: ஃப்ளோ டிவைடர் எது, எப்படி, எங்கே கோளாறு வரும்?

கேள்வியின் சுருக்கம் இது. ஒரு மேடை லிஃப்டின் இரு ஓரத்திலும் 80 மி.மீ. போர் (உள்விட்டம்), 45 மி.மீ. ராடு (தண்டு), 600 மி.மீ. ஸ்ட்ரோக் (தண்டு நகரும் தூரம்) கொண்ட சிலிண்டர் ஒவ்வொன்று. நிமிடத்துக்கு 20 லிட்டர் தரும் கியர் பம்ப், ஒரே டிசி வால்வு (எண்ணெய் போகும் திசையை மாற்றுவது), ரிலீஃப் (பிரஷர் மிஞ்சினால் எண்ணெயை டேங்குக்குத் திருப்பும் வால்வு) 120 பாரில் வைத்திருக்கிறது. டீ (மூன்று வாய் இணைப்பு) போட்டு லைனைப் பிரித்ததில் ஒரு பக்கம் முந்துகிறது. நீடில் வால்வு (திருகினால் துவாரம் குறுகும் வால்வு) வைத்துத் திருகிச் சரிசெய்தாலும் லோடு மாறியதும் மறுபடி கோணுகிறது. ஃப்ளோ டிவைடர் (வரும் எண்ணெயை இரண்டு சம பங்காகப் பிரிப்பது) போட்டால் தீருமா, ஸ்பூல் டைப்பா கியர் டைப்பா என்பது கேள்வி.

தீரும். ஆனால் டிவைடருக்குத் தெரிந்தது எண்ணெயைப் பங்கு போடுவது மட்டும்தான். மேடை மட்டமாக இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. பங்கில் வரும் சிறு பிசகு ஸ்ட்ரோக் முழுவதும் கூடிக்கொண்டே போகும். அந்தப் பிசகை ஒவ்வொரு தடவையும் எங்கே, எப்படிக் கழிக்கப்போகிறோம் என்பதை முடிவுசெய்யாமல் டிவைடரை மட்டும் வாங்கி மாட்டினால் பணம் வீண்.

முதலில் டீ ஏன் வேலை செய்யவில்லை என்று பார்த்துவிடலாம். உங்கள் மேடையில் மொத்தம் 3,000 கிலோ என்றும் அது 1,800, 1,200 என்று பிரிந்து உட்கார்ந்திருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். 80 போரின் பரப்பு 50.3 சதுர செ.மீ. லேசான பக்கத்தைத் தூக்க ஏறத்தாழ 24 பார் போதும், கனமான பக்கத்துக்கு 36 வேண்டும். டீயில் இரு பக்கமும் ஒரே பிரஷர்தான். கேஜ் 24 தொட்டதும் லேசான பக்கம் கிளம்பிவிடும்; பள்ளத்து மடைக்கே வாய்க்கால் தண்ணீர் முழுக்கப் பாய்வது போல 20 லிட்டரும் அங்கேதான் போகும். கனமான பக்கம் கொஞ்சமாவது நகர்கிறது என்றால், மேடையின் இரும்பு அதை இழுத்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம். அந்த இழுவையை வாங்குவது கைடு ரோலரும் வெல்டிங்கும்.

நீடில் வால்வு இதைத் தீர்க்காததற்குக் காரணம், அதன் வழியே போகும் அளவு துவாரத்தை மட்டும் பொறுத்ததல்ல. வால்வுக்கு முன்னும் பின்னும் உள்ள பிரஷர் வித்தியாசத்தையும் பொறுத்தது. வித்தியாசம் 4 மடங்கானால் ஓட்டம் 2 மடங்காகும். இன்றைக்கு இருக்கும் லோடுக்குத் திருகி வைத்த திருகல் நாளைய லோடுக்குப் பொருந்தாது. நீடிலுக்குப் பதில் பிரஷர் காம்பன்சேட்டட் ஃப்ளோ கண்ட்ரோல் இரண்டு போடலாம். அவை தமக்குள் இருக்கும் துவாரத்தின் இரு புறமும் உள்ள வித்தியாசத்தை ஒரே அளவில் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் லோடு மாறினாலும் ஓட்டம் அவ்வளவாக மாறாது. ஆனால் இரண்டும் சேர்ந்து கேட்பதைவிடப் பம்ப் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத் தர வேண்டும். மிச்சம் ரிலீஃப் வழியே டேங்குக்குத் திரும்பும், அது முழுக்கச் சூடு. பாரையும் லிட்டரையும் பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். 120 பாரில் 4 லிட்டர் வழிந்தால் 0.8 கிலோவாட், அதாவது எண்ணெய்த் தொட்டிக்குள் ஒரு ஹீட்டர் போட்டது போலத்தான். எப்போதாவது ஓடும் லிஃப்டுக்குச் சரி, நாள் முழுக்க ஓடுவதற்கு வேண்டாம்.

ஸ்பூல் டைப் டிவைடர்

உள்ளே வரும் எண்ணெய் ஒரே அளவான இரண்டு நிலையான துவாரங்கள் வழியே பிரிகிறது. அவற்றுக்குப் பின்னால் நடுவில் ஒரு ஸ்பூல், அதாவது துளைக்குள் இரு பக்கமும் வழுக்கி நகரும் உருளை. இரு துவாரத்துக்கும் பின்னால் உள்ள பிரஷர் ஸ்பூலின் இரு முனைகளையும் தள்ளும். ஒரு பக்கம் லோடு குறைந்து அங்கே ஓட்டம் கூடினால், அந்தப் பக்கத் துவாரத்தில் இழப்பு கூடி, பின்னாலுள்ள பிரஷர் இறங்கும். உடனே ஸ்பூல் அந்தப் பக்கம் நகர்ந்து வாயைக் குறுக்கும். இரு முனையும் சமமாகும் வரை நகர்ந்து நிற்கும். சுருங்கச் சொன்னால், லேசான பக்கத்துக்குப் பொய்யாக ஒரு பாரத்தை ஏற்றி, கனமான பக்கத்துக்குச் சமமாக்கிவிடுகிறது. உங்கள் கணக்கில் லேசான பக்கத்தில் 12 பார் வீணாகும்; 10 லிட்டருக்கு அது 200 வாட். தாங்கக்கூடிய நட்டம்.

இதில் எல்லாரும் தவறும் இடம் இரண்டு.

ஒன்று, சைஸ். "எதற்கும் பெரிதாக வாங்கிவைப்போம்" என்று 60 லிட்டர் டிவைடர் வாங்கி 20 லிட்டர் விட்டால், துவாரத்தில் இழப்பு முழு ஓட்டத்தில் இருப்பதில் 9-இல் ஒரு பங்காகிவிடும். ஸ்பூலைத் தள்ளும் விசை அந்த இழப்பிலிருந்துதான் வருகிறது. விசை உராய்வைத் தாண்டவில்லை என்றால் ஸ்பூல் தூங்கும். டிவைடர் வெறும் டீயாகிவிடும். கேட்டலாகில் குறைந்தபட்ச ஓட்டம் என்று ஓர் எண் இருக்கும், அதைப் பாருங்கள்.

இரண்டு, பிழையின் அளவைப் படிக்கும் விதம். பிழை 5 சதவீதம் என்று கேட்டலாக் சொன்னால், ஒரு பக்கம் 10.5 லிட்டரும் மறுபக்கம் 9.5 லிட்டரும் போகலாம் என்று பொருள். முந்தும் சிலிண்டர் 600 தொடும்போது பிந்துவது 543-இல் நிற்கும். 57 மி.மீ. கோணல்! பிழை 2.5 சதவீதமாக இருந்தாலும் 29 மி.மீ. உங்கள் கைடு இந்தக் கோணலைத் தாங்குமா என்று ஃபேப்ரிகேஷன் செய்தவரிடம் கேட்டுவிட்டுத்தான் வால்வு விலை விசாரிக்க வேண்டும். 100, 150 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள கிளாம்ப், கதவு போன்றவற்றுக்கு ஸ்பூல் டைப் தாராளமாகப் போதும்.

இன்னொரு குணம் உண்டு. முந்தும் சிலிண்டர் முனை தொட்டு நின்றதும் அந்தப் பக்கம் ஓட்டம் பூஜ்யமாகும். ஸ்பூலின் வேலை இரு பக்கத்தையும் சமமாக்குவது என்பதால் மறுபக்கத்தையும் மூடப் பார்க்கும். பிந்திய சிலிண்டர் முனைக்குப் போகாமல் வழியிலேயே நின்றுவிடும். "டிவைடர் போட்டபின் ஒரு சிலிண்டர் முழுசா ஏற மாட்டேங்குது" என்ற புகார் பெரும்பாலும் இதுதான்; பழுது ஒன்றுமில்லை. இதற்காகவே முனைத் திருத்தம் உள்ள மாடல்கள் உண்டு: ஒரு பக்கம் நின்றாலும் மறுபக்கத்துக்குச் சிறு கசிவு ஓட்டம் விடுவார்கள். வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். கூடவே, இறங்கும்போதும் பங்கு போடும் டிவைடர் கம்பைனர் வகையா என்றும் கேளுங்கள். வெறும் டிவைடர் என்றால் ஏறுவதற்கு மட்டும்தான். இறங்கும்போது செக் வால்வு (ஒரு திசையில் மட்டும் விடுவது) வழியே அவிழ்த்துவிட்டது போலத் திரும்பும்.

கியர் டைப் டிவைடர்

இரண்டு சிறு கியர் மோட்டாரை ஒரே ஷாஃப்டில் கோத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷாஃப்ட் ஒன்று, சுற்று ஒன்று, ஆகவே ஒவ்வொரு பிரிவும் ஒரே அளவு எண்ணெயை விடும். பிழைக்கு முக்கியக் காரணம் பல்லுக்கும் பாடிக்கும் நடுவே நடக்கும் உள்கசிவு. நல்லதாக இருந்தால் 1.5 முதல் 3 சதவீதத்துக்குள் அடங்கும். கசிவு சுற்று வேகத்தோடு பெரிதாக மாறாது. மெதுவாகச் சுற்றினால் கசிவின் பங்கு கூடிவிடும். அதனால் 1,000 ஆர்பிஎம்முக்குக் கீழே இறக்காமல் இருப்பது நல்லது.

சைஸ் கணக்கில் ஏறுவதை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஏறும்போது ஒரு பிரிவுக்கு 10 லிட்டர். இறங்கும்போது பம்ப் ராடு பக்கத்துக்கு 10 லிட்டர் தருகிறது. அங்கே பரப்பு 34.4 சதுர செ.மீ.தான். ஆகவே சிலிண்டர் 1.46 மடங்கு வேகமாக இறங்கி, அடிப்பக்கத்திலிருந்து 14.6 லிட்டரை வெளியே தள்ளும். சுற்றுக்கு 6 சிசி பிரிவு வாங்கினால் ஏறும்போது சுமார் 1,670 ஆர்பிஎம், இறங்கும்போது 2,440. இறக்கத்தில் இரைச்சலும் தேய்மானமும் அதிகம். 8 சிசி வாங்கினால் 1,250-ம் 1,830-ம். உங்களுக்கு 8 சிசிதான். 16 சிசி கையிருப்பில் இருக்கிறது என்று கடைக்காரர் நீட்டினால் வேண்டாம் என்றுவிடுங்கள். ஏறும்போது 625 ஆர்பிஎம்மில் தவழும்.

இதன் பெரிய வசதி, ஸ்பூல் டைப்பைப் போல லேசான பக்கத்தின் சக்தியைச் சூடாக வீணாக்காமல் ஷாஃப்ட் வழியே கனமான பக்கத்துக்குக் கொடுப்பது. உள்ளே வேண்டிய பிரஷர் இரு பக்கத்தின் சராசரி: 24-ம் 36-ம் சேர்ந்து 30, அதோடு டிவைடரின் சொந்த இழப்பு 10, 15 பார். இதே குணம்தான் ஆபத்தும். முந்திய சிலிண்டர் முனை தொட்டு அதன் லைன் அடைபட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுபக்கம் 36 பாரில் இருக்கிறது. உள்ளே பிரஷர் ரிலீஃப் அளவான 120 வரை ஏறும். அடைபட்ட பக்கத்தில் எவ்வளவு வரும்? 120-ஐ இரண்டால் பெருக்கி 36-ஐக் கழியுங்கள்: 204 பார், உராய்வு போகக் கொஞ்சம் குறையும். பம்ப் பக்கக் கேஜைப் பார்ப்பவருக்கு 120 தான் தெரியும். ஒற்றைக் கம்பிவலை அரை இஞ்ச் ஹோஸின் வேலை அழுத்தம் 160 பார். ஒவ்வொரு ஸ்ட்ரோக்கின் முனையிலும் அந்த ஹோஸ் இதை வாங்கிக்கொண்டிருக்கும், ஒருநாள் பிய்யும். ஒரு பக்கம் எதிர்ப்பே இல்லாமல் போனால், உதாரணமாக ஹோஸ் கழன்றால், மறுபக்கத்தில் 240 வரை போகலாம்.

எனவே ஒவ்வொரு வெளிவாய்க்கும் தனி ரிலீஃப் வால்வு கட்டாயம். இதில் பேரம் வேண்டாம். பல டிவைடர்களில் அதை பாடியிலேயே வைத்துத் தருகிறார்கள், அந்த மாடலை வாங்குவது சுலபம். முனைத் திருத்தமும் இந்த ரிலீஃபால்தான் நடக்கிறது: முந்தியது முனை தொட்டதும் அதன் பங்கு ரிலீஃப் வழியே டேங்குக்குப் போகும், ஷாஃப்ட் தொடர்ந்து சுற்றும், பிந்தியது மெல்ல வந்து சேரும். எதிர்பார்க்கும் மோசமான லோடுக்கு மேல் 15, 20 பார் வையுங்கள். எடையில் 70 சதவீதம் ஒரே பக்கம் உட்கார்ந்தாலும் 42 பார்தான். ஆக 60 பாரில் வைத்தால் போதும். அப்போது திருத்தம் நடக்கும் நேரத்தில் டிவைடருக்கு வேண்டிய பிரஷர் 60-க்கும் 36-க்கும் சராசரியான 48, அதோடு இழப்புகள் சேர்த்து 70, 75. பம்ப் ரிலீஃபை 120-இல் விட்டுவைக்க எந்தக் காரணமும் இல்லை, 85-க்கு இறக்கிவிடுங்கள்.

இறங்கும் போதும் ஒரு சிக்கல். முதலில் தரை தொட்ட சிலிண்டரிலிருந்து எண்ணெய் வருவது நிற்கும்; ஆனால் மறுபக்கம் ஷாஃப்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும். வெறும் வாயை வைத்து உறிஞ்சும் பிரிவில் வெற்றிடம் உண்டாகி, கேவிடேஷன் (எண்ணெயில் குமிழி உண்டாகி உடைவது) வந்து, கூழாங்கல் உருட்டுவது மாதிரி சத்தம் கேட்கும். கியர் பல்லும் சைடு பிளேட்டும் அரித்துப்போகும். டேங்கிலிருந்து ஒவ்வொரு வெளிவாய்க்கும் ஒரு செக் வால்வு வைத்தால் குறை எண்ணெய் அதன் வழியே வந்து நிரம்பும். ரிட்டர்ன் லைனில் 3 முதல் 5 பார் ஸ்பிரிங் உள்ள செக் வால்வு ஒன்றைப் போட்டு, அதற்கு முன்னாலிருந்து இந்த நிரப்பு லைனை எடுத்தால் உறிஞ்ச வேண்டிய அவசியமே இராது. எண்ணெய் தானே தள்ளிக்கொண்டு வரும்.

லாக் வால்வு எங்கே?

நிறைய பேர் டிசி வால்வுக்கும் டிவைடருக்கும் நடுவே ஒரு லாக் வால்வு (எண்ணெய் திரும்பி வராமல் பூட்டுவது) வைத்துவிட்டு வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். மேடை நடுவில் நிற்கும்போது கனமான பக்கச் சிலிண்டர் தன் எண்ணெயை டிவைடர் வழியே லேசான பக்கத்துக்குத் தள்ளும். ஒன்று இறங்க, மற்றது ஏறும். இரவு மட்டமாக விட்டுப்போன மேடை காலையில் சாய்ந்திருக்கும். இரு டைப்பிலும் இது உண்டு. பூட்டு ஒவ்வொரு சிலிண்டரின் அடிப்பக்க வாயிலேயே, ஹோஸ் இல்லாமல் நேரடியாக மாட்டியிருக்க வேண்டும். ஹோஸ் அறுந்தாலும் மேடை விழாது என்பது இரண்டாவது லாபம்.

பைலட் செக் வால்வைவிட (வேறொரு லைனின் பிரஷர் வந்தால் திறக்கும் பூட்டு) இங்கே கவுண்டர்பேலன்ஸ் வால்வு (லோடை எதிர்த்துப் பிடித்து அளவாக விடுவது) பொருத்தம். லோடு தானே கீழே இழுக்கும் வேலையில் பைலட் செக் திறப்பதும் அடைப்பதுமாக அதிர்ந்து, மேடை வெட்டி வெட்டி இறங்கும். கவுண்டர்பேலன்ஸை அதிகபட்ச லோடு பிரஷரைப்போல 1.3 மடங்கில் வைப்பது வழக்கம். 42 பாருக்கு 55. டிசி வால்வு நடு நிலையில் இருக்கும்போது சிலிண்டருக்குப் போகும் ஏ, பி வாய்கள், பம்ப் வாய், டேங்க் வாய் நான்கும் திறந்திருக்கும் ஸ்பூலாக இருக்கட்டும். பம்ப் லோடு இல்லாமல் சுற்றும், பைலட் லைனில் பிரஷர் தங்கி நிற்காது.

மற்ற வழிகள்

ஒரே மோட்டாரில் இரட்டைக் கியர் பம்ப் மாட்டி, சிலிண்டருக்கு ஒரு பம்ப் என்று விடலாம். பிரிக்கும் வேலையே இல்லை, பிழையும் கியர் டிவைடர் அளவுதான். ஆனால் ரிலீஃபும் டிசி வால்வும் இரண்டிரண்டு வேண்டும். புதிதாகச் செய்யும் பவர் பேக் என்றால் இதை யோசிக்கலாம்.

ஒரு சிலிண்டரின் ராடு பக்க எண்ணெயை அடுத்ததன் அடிப்பக்கத்துக்கு விடும் தொடர் இணைப்பும் உண்டு. பரப்பு பொருந்த வேண்டும்: 80 போரில் 50 ராடு போட்டால் ராடு பக்கம் 30.6, 63 போரின் முழுப் பரப்பு 31.2. கிட்டத்தட்ட ஒன்று, 600 ஸ்ட்ரோக்கில் 10 மி.மீ. வித்தியாசம்தான். ஆனால் முதல் சிலிண்டர் இரண்டு லோடையும் சுமக்கும், நடுவில் சிக்கிய எண்ணெய் கசிந்தால் சேர்க்கவும் கழிக்கவும் வழி வேண்டும். இருக்கும் சிலிண்டர்களைத் தூக்கிப்போட மனமில்லை என்றால் இது உங்களுக்கு இல்லை.

மேடை எந்த இடத்தில் நின்றாலும் 2, 3 மி.மீ.க்குள் மட்டம் வேண்டும் என்றால் எந்த டிவைடரும் போதாது. இரு பக்கமும் என்கோடர் (உயரத்தை அளப்பது), ப்ரொபோர்ஷனல் வால்வு (மின் சிக்னலுக்கு ஏற்ப ஓட்டத்தை மாற்றுவது), பிஎல்சி (கட்டுப்பாட்டுக் கணினி) என்று போக வேண்டும். அல்லது இரு பக்கத்தையும் டார்ஷன் ஷாஃப்ட், ரேக் பினியன் கொண்டு இரும்பாலேயே கட்டிப்போட வேண்டும். செலவைப் பார்த்தால் இரண்டாவது பல சமயம் மலிவு.

மாட்டி ஓட்டும்போது

புது பைப்பை வெல்டிங் செதில் போக ஃபிளஷ் செய்யாமல் டிவைடரை இணைக்காதீர்கள். ஸ்பூல் டைப்பில் இடைவெளி சில மைக்ரான்தான், ஒரு சிறு துகள் போதும் சிக்கிக்கொள்ள. ரிட்டர்னில் 10 மைக்ரான் ஃபில்டர், ஐஎஸ்ஓ விஜி 46 அல்லது நம் வெயிலுக்கு 68 எண்ணெய். முதலில் எல்லா ரிலீஃபையும் தளர்த்திவைத்து, லோடில்லாமல் மெதுவாகப் பலமுறை முழுதாக ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். காற்று மிச்சமிருந்தால் அந்தப் பக்கம் பஞ்சு மாதிரி அமுங்கி, லோடு ஏறியதும் பிந்தும். அதை டிவைடர் குறையென்று நினைத்துத் திருகத் தொடங்குவார்கள். இரு வெளிவாயிலும் தனித்தனிக் கேஜ் நிரந்தரமாக இருக்கட்டும். ஓட்டுபவருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: மேலே போனாலும் கீழே வந்தாலும் முனை தொட்டபின் லீவரை 5 முதல் 10 வினாடி பிடித்திருக்க வேண்டும். சேர்ந்த பிசகு அங்கேதான் கழியும். எப்போதும் பாதி உயரத்திலேயே ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தால் எவ்வளவு நல்ல டிவைடரும் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணும்.

கோணல் பிறகு கூடினால், எதையும் கழற்றுவதற்கு முன் டிவைடரின் இரு வெளிவாய் ஹோஸ்களை மட்டும் இடம் மாற்றுங்கள். அதற்கு முன் மேடையைத் தரையில் இறக்கி, பிரஷரைக் கழித்துவிட வேண்டும். இப்போது பிந்தும் பக்கம் மாறினால் குறை டிவைடரில். அதே பக்கமே பிந்தினால் சிலிண்டர், அதன் கவுண்டர்பேலன்ஸ் அல்லது கைடு உராய்வு.

சிலிண்டர் சந்தேகம் என்றால், மேடையை முழுதாக ஏற்றி இரும்பு முட்டுக் கொடுத்து, ராடு பக்க ஹோஸைக் கழற்றி அதன் முனையை அடையுங்கள். ராடு வாயை ஒரு வாளியில் விட்டு, ஏற்றும் பக்கம் பிரஷர் கொடுங்கள். வாயிலிருந்து எண்ணெய் தொடர்ந்து வழிந்தால் பிஸ்டன் சீல் போய்விட்டது. சில சொட்டு வந்து நின்றால் சீல் நன்றாக இருக்கிறது. அந்தப் பக்கக் கைடு ரோலரைக் கழற்றிப் பாருங்கள்.